குழாய் சுவருக்குள் மறையும் முன்பே விதி வேலை செய்ய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆயிற்று. சுற்றுவட்டாரத்தில் மனை பிரித்த இடமெல்லாம் வீடு எழும்புகிறது. புதுக் கட்டடங்களுக்குத் தண்ணீர்ச் சிக்கன விதி வேண்டும் என்று யார் பேசினாலும் பேச்சு இரண்டு இடத்தில் போய் நின்றுவிடுகிறது: ஒன்று மழைநீர்க் குழி, இன்னொன்று நட்சத்திரக் குறி போட்ட குழாய். இரண்டும் வேண்டியவைதான். ஆனால் ஒரு வீடு அடுத்த முப்பது வருடத்துக்கு எவ்வளவு தண்ணீரை வீணாக்கும் என்பது பூச்சு வேலைக்கு முந்தைய பத்து நாளில் முடிவாகிவிடுகிறது. குழாய் எந்த வழியாகப் போகிறது, என்ன வாட்டத்தில் (சரிவில்) கிடக்கிறது, எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்பதெல்லாம் அப்போது தீர்மானமாகிவிடும். பிறகு மாற்ற வேண்டுமானால் உளியும் சுத்தியலும் எடுக்க வேண்டும். விதி அந்தப் பத்து நாளைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே, கட்டட வரைபடத்திலும் குழாய் வேலையிலும் அன்றாடம் ஈடுபட்டிருக்கிற நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

மழைநீர்ச் சேமிப்பு 2003இல் தமிழ்நாடு முழுவதும் கட்டாயமானது. நல்ல விதி, நிலத்தடி நீருக்கு அது செய்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் மொட்டை மாடியிலிருந்து ஒரு பி.வி.சி. குழாயை இறக்கி, அடியில் இரண்டு உறையைப் புதைத்து, அனுமதி கிடைத்ததும் அதைத் திரும்பிப் பார்க்காத கட்டடங்கள் எல்லா ஊரிலும் உண்டு. குழிக்குள் கூழாங்கல்லுக்குப் பதில் கட்டடக் கழிவு கிடக்கும், சிமென்ட் பால் இறங்கி மண்ணின் கண்ணை அடைத்திருக்கும். விதி பொருளைக் கேட்டது, அது வேலை செய்கிறதா என்று கேட்கவில்லை. குழாய் விதியில் அதே தவறு வரக்கூடாது.

முதலில் அழுத்தம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2021இல் ஐ.எஸ். 17650 என்ற தரத்தை வெளியிட்டது. கழிப்பறைப் பீங்கானுக்கு ஒரு பகுதி, குழாய், ஷவர் போன்றவற்றுக்கு இன்னொரு பகுதி; சிக்கனத்துக்கு ஏற்ப நட்சத்திரம். இதைக் கட்டாயமாக்கலாம். ஆனால் கடையில் விற்கிற, குழாய் வாயில் திருகிப் பொருத்தும் நீர்ச்சிக்கன மூக்குகள் பலவற்றில் அட்டையில் போட்டிருக்கும் அளவு 3 பார் அழுத்தத்துக்கு, அதாவது ஏறத்தாழ 30 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தத்துக்கு, உரியது. நம் பக்கத்துத் தனிவீட்டில் அந்த அழுத்தம் கிடையாது. மொட்டை மாடியில் ஐந்தடி மேடை போட்டு வைத்த தொட்டியிலிருந்து தரைத்தளக் குழாய்க்கு உயர வேறுபாடு மூன்றரை மீட்டர் இருந்தால் அதிகம். அது 0.35 பார். அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்கானால் நீர் மூன்றில் ஒரு பங்காகும். சாதாரணத் துளை வழியாகப் பாயும் நீருக்கு இதுதான் கணக்கு. நிமிடத்துக்கு 6 லிட்டர் என்று போட்ட மூக்கு அங்கே 2 லிட்டர்தான் தரும். ஷவர் தலைக்கு மேல் இருப்பதால் அங்கே இன்னும் மோசம். வீட்டுக்காரர் ஒரு வாரம் பொறுப்பார். பிறகு மூக்கைக் கழற்றி ஜன்னலில் வைப்பார், அல்லது பிரஷர் பம்ப் வாங்கிப் பொருத்துவார். பம்ப் வந்துவிட்டால் எல்லாக் குழாயிலும் பாய்ச்சல் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். சிக்கனத்துக்காகப் போட்ட விதி செலவில் கொண்டுபோய் விட்டுவிடும்.

எனவே விதி அளவைச் சொல்லும்போது, அந்த வீட்டில் உண்மையில் இருக்கிற அழுத்தத்தில் அளந்து சொல்ல வேண்டும். கைகழுவும் தொட்டிக்கு நிமிடத்துக்கு 3 லிட்டர், சமையலறைத் தொட்டிக்கு 6, ஷவருக்கு 8 என்று வைக்கலாம். அளப்பதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டிலும் கைப்பேசியும் போதும்: பாட்டில் 20 நொடியில் நிறைந்தால் 3 லிட்டர், 10 நொடியில் நிறைந்தால் 6 லிட்டர். தொட்டி நீரை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்குக் குறைந்த அழுத்தத்துக்கென்று செய்த மூக்கு. பிரஷர் பம்ப் வைக்கும் வீட்டுக்கு அளவுக் கட்டுப்பாட்டு மூக்கு கட்டாயம். இந்த இரண்டையும் பிரித்து எழுதாத விதி நடைமுறையில் நிற்காது.

நாலு மாடிக் குடியிருப்பில் கதை தலைகீழ். அதே தொட்டியிலிருந்து மேல்மாடிக்கு மூன்றரை மீட்டர் என்றால் தரைத்தளத்துக்குப் பன்னிரண்டரை மீட்டர். கீழ்வீட்டுக் குழாய் மேல்வீட்டுக் குழாயைப் போல ஏறத்தாழ இரு மடங்கு ஊற்றும். கீழ் இரண்டு தளங்களுக்கான இறக்குக் குழாயில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று, அதற்கு முன்னால் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி ஒன்று. வடிகட்டி இல்லாமல் வால்வு மட்டும் போட்டால் தொட்டியின் அடி வண்டல் வந்து அதன் இருக்கையில் உட்காரும், வால்வு முழுசாக மூடாது, ராத்திரியில் அழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டே போகும்.

வாளிக் குழாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டு விதிகள் பலவும் இந்தக் குழாயை மனத்தில் வைத்து எழுதியவை அல்ல. வாளி நிரப்பவும் குடம் நிரப்பவும் வைத்திருக்கிற குழாயில் பாய்ச்சலைக் குறைப்பதால் ஒரு சொட்டுகூட மிச்சமாகாது. 18 லிட்டர் வாளிக்கு 18 லிட்டர்தான் வேண்டும். மெல்ல நிறைந்தாலும் அவ்வளவுதான், வேகமாக நிறைந்தாலும் அவ்வளவுதான். மெல்ல நிறைந்தால் திறந்துவிட்டு வேறு வேலைக்குப் போவார்கள், வாளி வழியும். ஆகவே வாளிக் குழாய்க்கு எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு குளியலறையிலும் வாளிக் குழாய் இருந்தே ஆகவேண்டும் என்று விதி சொல்லட்டும். ஒரு வாளித் தண்ணீரில் குளித்து முடிக்கிறவர்களுக்கு ஷவரை மட்டும் வைத்துக் கொடுத்தால், பத்து நிமிடத்துக்கு 80 லிட்டர் போகும், அதுவும் சிக்கன ஷவரிலேயே.

அடுத்தது கழிப்பறை. பழைய 10 லிட்டர் ஃப்ளஷ் தொட்டியை ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஐந்து முறை இழுத்தால் நாளைக்கு 250 லிட்டர். 6 லிட்டர், 3 லிட்டர் என்று இரட்டைப் பொத்தான் உள்ள தொட்டியில் ஒருமுறை பெரிய பொத்தான், நான்குமுறை சின்னப் பொத்தான் என்றால் ஆளுக்கு 18 லிட்டர், வீட்டுக்கு 90 லிட்டர். ஒரு நாளில் 160 லிட்டர் மிச்சம். வீட்டுக்குள் வேறு எந்த மாற்றமும் இவ்வளவு தராது.

ஆனால் தொட்டியை மாற்றிவிட்டுப் பீங்கானை மறந்தால் எல்லாம் கெட்டுவிடும். 10 லிட்டருக்கென்று வார்த்த பேசினில் 6 லிட்டர் விட்டால் கழிவு முழுசாகப் போகாது, மறுபடி அழுத்துவார்கள், 12 லிட்டர் ஆகிவிடும். அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் புதிய கழிப்பறைகளுக்குச் சுமார் 6 லிட்டர் என்று வரம்பு கட்டி 1994 முதல் நடைமுறைக்கு வந்தபோது, முதலில் வந்த மாடல்கள் பல அடைத்துக்கொண்டன. தண்ணீரைக் குறைத்தார்கள், பேசினின் உள்வளைவை மாற்றவில்லை. பிறகு வளைவையும் வழியின் அகலத்தையும் மாற்றிய பின்னர்தான் புகார் அடங்கியது. நாம் அந்த வழியை மறுபடி நடக்க வேண்டியதில்லை: பேசினும் தொட்டியும் ஒரே தொகுப்பாக, ஒரே அளவுக்குச் சோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி போதும். தரையில் உட்காரும் கழிப்பறைக்கு, அடிச்சரிவு செங்குத்தாக உள்ள, ‘ரூரல் பேன்’ எனப்படும் கோப்பையும், நாற்றத்தைத் தடுக்க 20 மி.மீ. நீர் தேங்கி நிற்கும் டிராப் என்ற வளைவும் 2 லிட்டரில் சுத்தமாகும். கைவாளியால் ஊற்றும் வீடுகளுக்கு அதைவிடச் சிக்கனமானது எதுவும் இல்லை. அதைப் பழசு என்று ஒதுக்க வேண்டாம்.

ஃப்ளஷ் தொட்டியின் கசிவு சத்தமே இல்லாமல் நடக்கும். அடியில் இருக்கிற ரப்பர் வளையத்தில் உப்புப் படிந்தால் ஒரு மயிரிழை இடைவெளி விழும். பேசினின் பின்சுவரில் ஒரு நூல் போலத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும், வெள்ளைப் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாது. தொட்டிக்குள் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை நாலு சொட்டு விட்டு, அரை மணி நேரம் யாரும் அழுத்தாமல் பார்த்தால் போதும். பேசினில் நீலம் தெரிந்தால் வளையம் போய்விட்டது. சுவருக்குள் புதைக்கிற மறைவுத் தொட்டிக்கு இந்த வளையத்தை மாற்றும் அளவுக்குத் திறப்பு விட்டே ஆகவேண்டும். பொத்தான் பலகையை டைல்ஸோடு சேர்த்து ஒட்டிவிடுகிற பழக்கம் இருக்கிறது; அப்படிச் செய்த வீட்டில் அந்த வளையம் கடைசிவரை மாறாது.

இனி வாட்டம். குறைந்த தண்ணீரில் கழிவைக் கொண்டுபோக வேண்டுமானால் கழிவுக் குழாயின் வாட்டம் சரியாக இருக்க வேண்டும், இதில் பிழைக்கு இடமே இல்லை. 110 மி.மீ. குழாய்க்கு 60 அடிக்கு ஓரடி இறக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். குறைந்தால் கழிவு நடுவழியில் தங்கும். அதிகமானாலும் ஆபத்து உண்டு. மெல்லிய படலமாகத் தண்ணீர் முன்னே ஓடிவிடும், திடக்கழிவு பின்னே நின்றுவிடும். செட்டிநாட்டு மனைகள் பல, முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவரை நீள்கிறவை. பங்கு பிரித்துக் கட்டும் புது வீடுகளும் அதே நீளத்தில், அகலம் மட்டும் குறைவாக எழும்புகின்றன. முன்கட்டில் ஒரு கழிப்பறை, செப்டிக் டேங்க் பின்கட்டில், நடுவில் 120 அடி என்றால் இறக்கம் மட்டும் இரண்டடி வேண்டும். செப்டிக் டேங்கின் நுழைவாய் அதற்கேற்பத் தாழ வேண்டும். இதை அஸ்திவாரம் தோண்டும்போதே முடிவு செய்யாவிட்டால், கடைசியில் டேங்க் உயரத்துக்கு ஏற்றபடி குழாயைத் தட்டையாகப் போடுவதைத் தவிர மேஸ்திரிக்கு வேறு வழியிருக்காது. வரைபடத்தில் நுழைவாய் மட்டத்தை எழுதாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். 50 அடிக்கு ஓர் ஆய்வுத் தொட்டியும், திருப்பம் வருமிடத்தில் 90 பாகை எல்போவுக்குப் பதில் இரண்டு 45 பாகையும் வேண்டும். வாட்டத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. நீர் நிரப்பிய டியூப் மட்டம் வைத்து இரு முனையிலும் கோடு போட்டு, கோட்டை அளவுநாடாவோடு படம் எடுத்து வைத்தால் பிறகு யாரும் மறுக்க முடியாது.

சோதனையைப் பற்றி விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் இந்தக் கடிதத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. சி.பி.வி.சி. (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்), யு.பி.வி.சி. (குளிர்நீருக்கான பிளாஸ்டிக்) குழாய் இணைப்பில் கசிவு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் குழாய் அல்ல, ஒட்டு. வெட்டிய விளிம்பில் பிசிறு சீவாமல் செருகினால் பசையை அது வழித்துக்கொண்டு போய்விடும். ஈரத்திலும் தூசியிலும் ஒட்டினால் பசை பிடிக்காது. டப்பாவைத் திறந்து வைத்துக் கெட்டியான பசையில் தின்னர் கலந்து ஒட்டுவது அடிக்கடி நடக்கிறது, அது செய்யவே கூடாத வேலை. குழாயைச் செருகும் சாக்கெட்டின் உள்வாய் கூம்பாக இருக்கும். செருகிக் கால்சுற்று திருப்பிய பிறகு 30 நொடி அழுத்திப் பிடிக்காவிட்டால் குழாய் தானே அரை சென்டிமீட்டர் பின்வாங்கும். அன்றைக்கு அது ஒழுகாது. ஆறு மாதம் கழித்துச் சுவரில் ஈரத்தழும்பாக வெளிவரும். வெந்நீர் வழியில் யு.பி.வி.சி.யைப் போட்டுவிடுவது இன்னொரு பிழை. வெள்ளை யு.பி.வி.சி. குழாயையும் மங்கல் மஞ்சள் சி.பி.வி.சி. குழாயையும் தள்ளி நின்று பார்த்தாலே பிரித்தறியலாம், ஆனால் பூசிய பிறகு யார் பார்ப்பது?

சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டிக் குழாய் பதித்து, பூச்சுக்கு முன், கடைசி ஒட்டு போட்டு ஒரு நாள் ஆன பிறகு எல்லா வாய்களையும் அடைத்து, தண்ணீரை மெல்ல நிரப்பிக் காற்றை மேல் வாய் வழியாக வெளியேற்றி, கைப்பம்பால் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ அழுத்தம் ஏற்ற வேண்டும். இரண்டு மணி நேரம் முள் இறங்கக் கூடாது. காற்றை வைத்துச் சோதிக்கவே கூடாது; பிளாஸ்டிக் குழாய் காற்றழுத்தத்தில் வெடித்தால் சில்லு பறக்கும். கழிவுக் குழாய்க்கு அடிவாயை அடைத்து மேல்மட்டம்வரை நீர் நிரப்பி, 15 நிமிடம் மட்டம் இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். இந்தச் சோதனைக்கு ஆகிற செலவு ஒரு கைப்பம்ப் வாடகையும் ஓர் ஆளின் அரை நாள் கூலியும்.

குழாய்களைப் பொருத்தி முடித்ததும் மூக்குகளைப் போடுவதற்கு முன் எல்லாக் குழாயையும் ஐந்து நிமிடம் முழுதாகத் திறந்துவிட வேண்டும். வெட்டிய பிளாஸ்டிக் சுருள், மணல், டெஃப்லான் டேப் துண்டு எல்லாம் அப்போது வந்துவிடும். இதைச் செய்யாமல் மூக்கைப் போட்டால் முதல் வாரமே வலை அடைத்துக்கொள்ளும், வீட்டுக்காரர் மூக்கையே குறை சொல்லுவார். மூக்கு கழற்றும் சாவியைச் சாவிக்கொத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுவது நல்லது.

வெந்நீரில் போகிற வீண் யார் கணக்கிலும் வருவதில்லை. முக்கால் இஞ்ச் சி.பி.வி.சி. குழாய் ஒரு மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் பிடிக்கும். மாடியில் உள்ள சூரிய நீர்ச்சூடேற்றியிலிருந்து தரைத்தளக் குளியலறைக்கு 15 மீட்டர் என்றால், வெந்நீர் வருவதற்குள் ஏறத்தாழ 4 லிட்டர் குளிர்ந்த நீர் வழிந்து போகும். காலையில் ஐந்து பேர் இடைவெளி விட்டுக் குளித்தால் 20 லிட்டர். அரை இஞ்ச் குழாயாக இறக்கினால் அது பாதியாகும், ஆனால் குறைந்த அழுத்தத்தில் பாய்ச்சலும் குறைந்துவிடும். தூரத்தைக் குறைப்பதே சரி. நீர்ச்சூடேற்றியிலிருந்து குழாய்வரை 6 மீட்டருக்கு மிகக்கூடாது என்று வரம்பு வைத்து, மாடியில் வெளியே ஓடும் பகுதிக்கு வெப்பம் காக்கும் உறை போடச் சொல்லலாம்.

அடுக்குக் குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு மீட்டர் வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோம். வைக்க முடியாததற்குக் காரணம் மீட்டரின் விலை இல்லை, குழாய் வரும் வழிதான். வழக்கமாக ஒவ்வொரு குளியலறைச் சந்துக்கும் (குழாய்கள் இறங்கும் இடைவெளிக்கும்) தனி இறக்குக் குழாய் போடுவார்கள். ஒரு வீட்டுக்குத் தண்ணீர் மூன்று நான்கு இடத்தில் நுழையும். நாலு மீட்டர் யார் வைப்பார்கள்? நடைபாதையில் ஒரே ஒரு நுழைவு, அங்கிருந்து வீட்டுக்குள் கிளை என்று வரைபடத்திலேயே கேட்டுவிட்டால், இன்று மீட்டர் வைக்காவிட்டாலும் என்றாவது வைக்க இடம் இருக்கும். மீட்டருக்கு முன்னால் வடிகட்டியும், குழாய் விட்டத்தைப் போல் பத்து மடங்கு நேர்நீளமும் விட வேண்டும். விட்டுவிட்டு வரும் ஊர்த்தண்ணீர் இணைப்பில், தண்ணீருக்கு முன்னால் வரும் காற்றும் மீட்டர் முள்ளைச் சுழற்றும்; மீட்டருக்கு முன் உயரமான இடத்தில் காற்றுவிடும் வால்வு ஒன்று இருந்தால் அந்தச் சண்டை வராது.

தொட்டி வழிவுக் குழாயை மழைநீர்க் குழாயோடு சேர்ப்பது இப்போது பரவியிருக்கிறது. பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் மிதவை வால்வு பழுதானால் தண்ணீர் நாள் முழுதும் குழிக்குள் போய்க்கொண்டிருக்கும், ஒருவருக்கும் தெரியாது. வழிவு வாய் வாசல் பக்கம், கண்ணில் படுகிற இடத்தில் விழ வேண்டும். கொசு நுழையாமல் வலை கட்டியிருக்க வேண்டும்.

நம் பகுதிக்கென்று ஒரு தனிப் பிரச்சினை உண்டு. கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), திருவிழா என்று வரும்போது நாற்பது பேர் தங்கி, மற்ற நாளெல்லாம் பூட்டியே கிடக்கிற வீடுகள் இங்கே அதிகம். பூட்டிய வீட்டில் நஹானி டிராப்பில், அதாவது குளியலறைத் தரை வடிகாலில், நிற்கும் 50 மி.மீ. நீர் கோடையில் வற்றிவிடும். சாக்கடை நாற்றமும் கரப்பானும் உள்ளே வரும். வந்தவர்கள் வாளி வாளியாக ஊற்றிக் கழுவுவார்கள். கைகழுவும் தொட்டியின் கழிவுநீர் அதே டிராப்பில் விழுமாறு இணைத்தால் ஒரே இடத்தில் ஒரு கோப்பை நீர் விட்டு அதை உயிரோடு வைக்கலாம். இதைவிட முக்கியம், தெருக்கதவுக்கு அருகில் முழு வீட்டையும் மூடும் ஒரே வால்வு. மாடித் தொட்டியில் ஒன்று, பின்கட்டில் ஒன்று, சம்பில் ஒன்று என்று இருந்தால் ஊருக்குப் புறப்படுகிற அவசரத்தில் யாரும் மூன்றையும் மூடமாட்டார்கள். ஆறு மாதம் ஒழுகும் ஒரு ஹெல்த் ஃபாசெட் குழல், நொடிக்கு ஒரு சொட்டு என்றாலே நாளைக்கு 20 லிட்டர்.

குளியல் நீரையும் துணி துவைத்த நீரையும் கழிப்பறைக் குழாயோடு சேர்க்காமல் தனியே கொண்டுவர, புது வீட்டில் கூடுதலாக ஒரு 75 மி.மீ. குழாய் போதும். கட்டி முடித்த வீட்டில் அது முடியவே முடியாது. ஆகவே தோட்டம் வைக்கிற எண்ணம் இல்லாதவர்களும் குழாயை மட்டும் பிரித்துப் போட வேண்டும் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. பின்கட்டில் கல்வாழை, வாழை, தென்னை இருந்தால், ஆளுக்கு ஒரு சதுர மீட்டருக்குக் குறையாத ஜல்லிப் பாத்தி, இரண்டடி ஆழம், நீர் மேல்மட்டத்துக்கு வராமல் ஜல்லிக்குள்ளேயே ஓடும்படி. பாத்திக்கு முன் நடுத்தடுப்பு வைத்த இரண்டடிக்கு இரண்டடித் தொட்டி கட்டாயம். எண்ணெய்க் குளியல் எண்ணெயும் சீயக்காய்த் தூளும் அதில்தான் தங்கும். இல்லாவிட்டால் மூன்றே மாதத்தில் ஜல்லி பிசுபிசுத்து அடைத்துவிடும். சமையலறை நீரை இதில் விட வேண்டாம். இந்த நீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாற்றமெடுக்கும், தேக்கவும் வேண்டாம். தனிவீட்டில் இதைச் சுத்திகரித்து ஃப்ளஷ் தொட்டிக்கு ஏற்றுவது தேவையில்லாத தலைவலி. பராமரிப்பு ஓராண்டு தாண்டாது. விடுதி, மண்டபம், பெரிய குடியிருப்பு என்றால் வேறு. மத்திய அரசின் 2016 மாதிரிக் கட்டட விதிகளும் நாளைக்கு 10,000 லிட்டரோ அதற்கு மேலோ கழிவுநீர் விடும் கட்டடங்களுக்கே மறுசுழற்சியைச் சொல்கின்றன. அங்கே மறுசுழற்சி நீர்க்குழாய்க்கு வேறு நிறம், நல்ல நீர் வந்து விழும் வாய்க்கும் தொட்டி நீர்மட்டத்துக்கும் இடையே காற்றிடைவெளி, இந்த இரண்டிலும் தளர்வு கூடாது.

கல்யாண மண்டபத்தில் கைகழுவும் வரிசையைக் கணக்குப் பாருங்கள். ஆயிரம் பேர் சாப்பிட்டு எழுந்து, நிமிடத்துக்கு 12 லிட்டர் ஊற்றும் குழாயில் அரை நிமிடம் கை கழுவினால் 6,000 லிட்டர். அழுத்தினால் திறந்து தானே மூடும் குழாயில், ஆளுக்கு ஒன்றரை லிட்டரில் முடியும். ஆனால் அந்தக் குழாயின் ஊசி மணலில் சிக்கித் திறந்தபடியே நின்றுவிடும்; ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் வடிகட்டி வைத்தால்தான் நிலைக்கும்.

பழைய வீடுகளை விடுதியாக மாற்றுவோர், குழாய் விஷயத்தில் புதுக்கட்டடம் போலவே கருதப்பட வேண்டும். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் காடி வெட்டக் கூடாது, ஆத்தங்குடிக் கல் பாவிய தளத்துக்கு அடியில் குழாய் போகவே கூடாது. அடியில் ஒழுகினால் பூ வேலை செய்த கல்லை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், அதே நிறத்துக்கு இணை கிடைப்பது பெரும்பாடு. புதிய குளியலறைகளைப் பின்கட்டில் ஒன்றுசேர்த்து, திறந்து பார்க்கக்கூடிய ஒரே சந்தில் குழாய்களை ஓட்டலாம். வளவின் (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டின்) நாலு பக்க ஓட்டுத் தாழ்வாரத்திலிருந்தும் மழையை முற்றத்துக்கு இறக்கி, அண்டாவில் பிடித்து, மிச்சத்தைக் கிணற்றுக்கும் ஊருணிக்கும் அனுப்பிய வீடுகள் இவை. தண்ணீர் போகும் வழி எல்லார் கண்ணிலும் படும்படி இருந்தது. குழாயைச் சுவருக்குள் ஒளிக்கத் தொடங்கிய பிறகுதான் நமக்குச் சோதனையே தேவைப்படுகிறது.

நடைமுறை எப்படி? 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடிவரையுள்ள மனையில் 3,500 சதுர அடிவரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்றின் பேரில் உடனே அனுமதி கிடைக்கிறது. மக்களுக்கு அது பெரிய உதவி, அதைத் தடுக்கச் சொல்லவில்லை. ஆனால் சிறிய வீடுகளை முடிவில் யாரும் வந்து பார்ப்பதும் இல்லை. ஆகவே பிடி இருக்கிற ஒரே இடம் குடிநீர் இணைப்பு. பூச்சுக்கு முன் எடுத்த மூன்று வகைப் படம்: அழுத்தமானியின் முள் தொடக்கத்திலும் இரண்டு மணி நேரம் கழித்தும், கழிவுக் குழாயின் இரு முனை மட்டக்கோடு, பிரித்துப் போட்ட குளியல் நீர்க் குழாய். அதனுடன் நாலு எண்: நுழைவாய் மட்டம், தொட்டி அடியிலிருந்து கீழ்க்குழாய்வரை உயரம், ஷவரில் அளந்த பாய்ச்சல், ஃப்ளஷ் அளவு. பொறியாளரும் பிளம்பரும் கையெழுத்திட்டுப் பதிவேற்றிய பிறகே இணைப்பு. பத்தில் ஒரு வீட்டை நேரில் போய், பாட்டிலும் கைப்பேசியுமாக அளந்து பார்த்தால் மற்ற ஒன்பதும் ஒழுங்காக இருக்கும். இந்த வேலையை ஐ.டி.ஐ. பிளம்பர் பிரிவு மாணவர்களுக்குப் பயிற்சியாகவே தரலாம். கூட ஒரு மாநகராட்சிப் பணியாளர் போனால் போதும்.

விதி வெளிவரும்போது அதன் குழாய்ப் பகுதியை மட்டும் ஒரே தாளில், அடி இஞ்ச் கணக்கில், எளிய தமிழில் அச்சிட்டு ஹார்டுவேர் கடைகளில் ஒட்ட வேண்டுகிறோம். பிளம்பரும் மேஸ்திரியும் காலை ஏழு மணிக்குக் கூடுவது அங்கேதான்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர்களும் குழாய்ப் பணியாளர்களும் சிலர்,
காரைக்குடி வட்டாரம்.